முதலில் விரலை எடு

வாட்டர் ஸ்கூட்டர் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று ‘பீப் பீப்’ என்று ஓயாமல் கத்துகிறது. திரையில் எஞ்சின் சூட்டைக் காட்டும் விளக்கு மின்னுகிறது. அந்த நேரத்தில் இளம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கரையில் நின்று நிறையப் பார்த்திருக்கிறேன். ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்துவார்கள். எப்படியாவது கரை சேர்ந்துவிட்டால் போதும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். ஐந்து நிமிடத்தில் கரை வந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் தண்ணீர் ஓடாத எஞ்சினுக்கு ஐந்து நிமிடம் என்பது மிக நீண்ட காலம்.

படகு எஞ்சின்களோடு வாழ்ந்து, இப்போது ஓய்ந்திருக்கும் கிழவன் நான். முட்டுக்காட்டில் 1984-ல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகுக் குழாம் தொடங்கிய காலத்தில், இப்படி ஒரு வண்டி நம் உப்பங்கழிகளில் ஓடும் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக அதை ஓட்டவும், கழுவவும், பழுது பார்க்கவும் பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தம்பி, தங்கை, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

கத்தல் கேட்டதும் முதலில் விரலை எடு. வேகம் இறங்கட்டும். ஆனால் ஒன்றை மறந்துவிடாதே: இந்த வண்டிக்குச் சுக்கான் கிடையாது. பின்னாலிருந்து பீய்ச்சும் தண்ணீர்தான் அதைத் திருப்புகிறது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பல வண்டிகள் கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் நேராகத்தான் போகும். அதனால் விரலை எடுக்கும்போதே முன்னால் யார் இருக்கிறார்கள், பின்னால் எது வருகிறது என்று கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்து. மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றோடு சாவியையும் உருவிவிடு. பல வண்டிகள் சூடு ஏறியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘வண்டி இழுக்க மாட்டேங்குது’ என்று அப்போது சலித்துக்கொள்ளாதே. அது தன்னையும் உன்னையும் காப்பாற்றப் பார்க்கிறது.

இந்த அளவுக்குச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி யோசிக்கும் வேலை. யோசிப்பதற்கு, தண்ணீர் எந்த வழியாகப் போய் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வண்டியின் வயிற்றுப் பக்கம் ஒரு வாய் இருக்கிறது. அதன் குறுக்கே கம்பிச் சல்லடை. உள்ளே சுழலும் இம்பெல்லர் அந்த வாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கக் குழாய் வழியே பீய்ச்சுகிறது. வண்டி முன்னால் போவது அதனால்தான். அப்படிப் பீய்ச்சும் தண்ணீரில் ஒரு சிறு பங்கு, பம்ப்பின் பக்கத்தில் உள்ள சின்னத் துளை வழியே பிரிந்து ஹோஸில் ஏறுகிறது. புகை போகும் மேனிஃபோல்டைச் சுற்றி, சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றிவிட்டு வெளியே கொட்டுகிறது. யமஹா, கவாசாகி வண்டிகளில் வழக்கம் இதுதான். எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டிலோ பின்னாலோ மெல்லிசாக ஒரு தண்ணீர்த் தாரை வருவதைப் பார்க்கலாம். அந்தத் தாரை வருகிறதா, வலுவாக வருகிறதா என்று வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே பார்த்துப் பழகு. நல்ல நாளில் எப்படி வரும் என்று தெரியாதவனுக்குக் கெட்ட நாளில் என்ன குறைந்தது என்று தெரியாது.

சீ-டூ என்ற பெயரில் வரும் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் கதை வேறு. எஞ்சினுக்குள் சுற்றுவது கூலண்ட். அது வண்டியின் அடித்தட்டில் உள்ள வழிகளில் ஓடி, வெளியே உரசிச் செல்லும் ஆற்றுக்கோ கடலுக்கோ சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. புகைக் குழாய்க்கு மட்டும் பம்ப்பிலிருந்து வெளித்தண்ணீர். ஆகவே அந்த வண்டியில் ஒரே கத்தலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: கூலண்ட் சூடாகியிருக்கலாம், கூலண்ட் நன்றாக இருந்து புகைக் குழாய் மட்டும் சூடாகியிருக்கலாம். திரையில் என்ன எழுதி வருகிறது என்று படி. படிக்காமல் அணைத்துவிட்டு, பிறகு ‘ஏதோ எழுத்து வந்துச்சு அண்ணே’ என்று சொல்லும் பிள்ளைகள் ஏராளம்.

குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும் என்ற பாடம் இந்த வண்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1968-ல் கனடாவின் பம்பார்டியர் நிறுவனம் முதல் சீ-டூவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் இருந்தது காற்றால் குளிரும் எஞ்சின். சுற்றிலும் தண்ணீர், உள்ளே காற்று. அது நிலைக்கவில்லை, சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டார்கள். அதற்கு வடிவம் யோசித்துக் கொடுத்த அமெரிக்கர் கிளேட்டன் ஜேக்கப்சன், பிறகு கவாசாகியோடு சேர்ந்தார். 1973-ல் ஜெட் ஸ்கி வந்தது. அந்தப் பெயரே உலகம் முழுக்க இந்த வண்டிகளுக்கெல்லாம் பொதுப்பெயர் ஆகிவிட்டது. பம்பார்டியரும் 1988-ல் சீ-டூவை மறுபடி கொண்டுவந்தது. ஒரு முறை தோற்றதை இருபது ஆண்டு கழித்துச் சரியாகச் செய்தவர்கள் என்ற மரியாதை எனக்கு அவர்கள் மேல் உண்டு.

இப்போது நீ நடுக்கழியில் நிற்கிறாய். எஞ்சின் அணைந்துவிட்டது. உன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: கத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி எப்படித் தள்ளியது?

எஞ்சின் சத்தம் ஏறி, வண்டி மட்டும் நகராமல், கைப்பிடியில் ஒரு நடுக்கம் வந்ததா? அப்படியானால் வாய் அடைத்திருக்கிறது. உறிஞ்சத் தண்ணீர் இல்லை. தள்ளவும் இல்லை, குளிர்விக்கவும் இல்லை. மாறாக, வண்டி எப்போதும்போல் சீராகப் பாய்ந்துகொண்டிருந்தபோதே கத்தியதா? அப்படியானால் வாய் திறந்துதான் இருக்கிறது. அடைப்பு உள்ளே, குளிர்விக்கும் சின்ன வழியில். இல்லையென்றால் கோளாறு தெர்மோஸ்டாட்டிலோ, கூலண்ட் குறைந்ததிலோ, சென்சாரிலோ இருக்கிறது. எந்தக் கருவியும் எடுக்காமல், ஸ்பேனர் தொடாமல், ஒரு கேள்வியிலேயே பாதிக் காரணங்கள் கழிந்துபோகின்றன. பதறியவனுக்கு இந்தக் கேள்வி ஞாபகம் வராது. அதற்காகத்தான் விரலை எடு என்றேன்.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரியும். கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால் விவரமுள்ள விவசாயி மோட்டாரைக் கழற்ற மாட்டார். கிணற்றில் இறங்கி ஃபுட்வால்வில் பாசி சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார். இங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் நுழையும் இடத்தைத்தான்.

நம் கழிகளில் அந்த வாயில் என்னென்ன சிக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிளாஸ்டிக் பை முதலிடம். அடுத்தது அறுந்த நரம்பு வலைத் துண்டு. இம்பெல்லர் தண்டில் இறுகச் சுற்றிக்கொண்டால் கத்தி இல்லாமல் வராது. பாக் நீரிணைப் பக்கம் போனால் கடற்புல். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரத்தில் கடற்புல் வெளி அவ்வளவு செழிப்பு. அதை மேயும் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக 2022-ல் அங்கே 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. அங்கெல்லாம் வேகமாக ஓட்டிப் புல்லைப் பிடுங்குவது எஞ்சினுக்கும் கேடு, அந்த உயிருக்கும் கேடு. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். கேளிக்கைக்கு வந்த நாம் வேறொரு உயிரின் சோற்றுத் தட்டில் ஓட்டுகிறோம்.

புல் மட்டும் சிக்கியிருந்தால், எஞ்சின் அணைந்த நிலையில் வண்டியை இரண்டு பக்கமும் நன்றாக ஆட்டிப் பார். பல நேரம் தானே உதிர்ந்துவிடும். புது வண்டிகள் சிலவற்றில் பம்ப்பைப் பின்னோக்கிச் சுழற்றிக் குப்பையைத் துப்பும் வசதியே இருக்கிறது. எதுவும் பலிக்கவில்லை என்றால் கரைக்கு வந்து பார்ப்பதே நல்லது. எங்கே பார்த்தாலும், சாவிக்கயிற்றை உருவி உன் இடுப்பில் செருகிய பிறகுதான் வாய்க்குள் கை போக வேண்டும். ‘அணைச்சிருக்கு அண்ணே’ என்று இன்னொருவன் சொல்வது போதாது. முடி நீளமாக இருந்தால் முடிந்துகொள். துப்பட்டாவோ தொங்கும் கயிறோ உடம்பில் இருக்கக் கூடாது. வண்டியைப் புரட்ட நேர்ந்தால், எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று பின்புறத்தில் படம் ஒட்டியிருப்பார்கள். மாற்றிப் புரட்டினால் புகைக் குழாயில் நிற்கும் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு கடற்கரையில் வண்டிகளை வாடகைக்கு விடும் இடம், பெயர் வேண்டாம். சீசன் நேரம், வாய் அடைபட்டு வண்டிகள் அடிக்கடி கத்தின. வந்தவர்கள் பயந்து இறங்கிக்கொள்கிறார்கள், காசைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று பஸர் வயரையே பிடுங்கிவிட்டிருந்தார்கள். சில நாள் நிம்மதி. அப்புறம் ஒரு வண்டியில் புகைக் குழாய்க்குத் தண்ணீர் போகாமல் ரப்பர் ஹோஸ் பொசுங்கிக் கிழிந்தது. அந்தக் கிழிசல் வழியே புகையும் நீரும் வண்டிக்குள்ளேயே நிரம்பின. அப்பாவும் மகளும் ஏறியிருந்த வண்டி பாதி மூழ்கிய பிறகுதான் கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. இருவரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார்கள், பிழைத்தார்கள். அந்தச் சிறுமி கரைக்கு வந்த பிறகும் நெடுநேரம் அப்பாவின் சட்டையை விடவே இல்லை.

அந்த வயரைப் பிடுங்கிய பையன் கெட்டவன் அல்ல. முதலாளி சொன்னார், செய்தான். நாளைக்கு உனக்கும் யாராவது அப்படிச் சொல்வார்கள். மாட்டேன் என்று சொல்லும் தைரியம் இருபது வயதில் கஷ்டம், எனக்குத் தெரியும். சம்பளம் போகும், வேலை போகும் என்ற பயம் இருக்கும். என்றாலும் மாட்டேன் என்று சொல். வேலை வேறு கிடைக்கும். வேலையிடத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் கெட்ட செய்தி சொல்பவரை அடக்கும் பழக்கம் நமக்கு நிறைய. கடன் ஏறுகிறது என்று மனைவி சொன்னால் கத்துகிறோம். குடி கூடிவிட்டது என்று நண்பன் சொன்னால் அவன் பக்கமே போவதில்லை. இந்த வயதில் என்னைச் சுற்றிப் பார்க்கிறேன். நன்றாக வாழ்பவர்கள் பெரும்பாலும் சொன்னதைக் காதில் வாங்கியவர்கள்தான்.

வாய் சுத்தம், ஆனாலும் கத்துகிறது என்றால் உள்ளே தேட வேண்டும். அதிலும் ஒரு வரிசை உண்டு. எஞ்சின் நன்றாக ஆறட்டும். கூலண்ட் உள்ள வண்டியென்றால் சூட்டோடு மூடியைத் திறக்காதே. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மூடியை ஒரு துணியால் பிடித்துத் திறப்பதெல்லாம் வீரம் அல்ல. ஆறிய பிறகு அளவைப் பார். குறைந்திருந்தால், தயாரிப்பாளர் சொன்ன கூலண்டை ஊற்று. அந்த நேரத்துக்குக் கையில் கிடைத்தது என்று கடல் தண்ணீரையோ போர் தண்ணீரையோ ஊற்றிவிடாதே. நம் கரையோரத்துப் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். இன்றைக்கு ஓடிவிடும், உள்ளே படியும் அந்தப் பொருக்கு அடுத்த சீசனில் உன் கழுத்தைப் பிடிக்கும். ஊற்றிய பிறகும் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் தினமும் நிரப்பிக்கொண்டே இருப்பது வேலை செய்வது போன்ற தோற்றம் மட்டுமே.

வெளித்தண்ணீர் வழியில் அடைப்பதற்கு மணலே போதும். ஆழம் இல்லாத இடத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்து சீறிக் கிளம்புவது பார்க்க அழகாக இருக்கும். அந்தச் சீறலில் அடிமணல் முழுக்க உறிஞ்சப்படுகிறது. வண்டிக்கு அடியில் 60 சென்டிமீட்டராவது தண்ணீர் வேண்டும். சில வண்டிகளின் கையேடு 90 கேட்கிறது. ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தண்ணீர் விட்டுப் பார். மடிந்திருக்கிறதா, உள்ளே உறை கழன்று மூடியிருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். அதன் பிறகு தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் அதைக் கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றி, அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையில் திறக்கிறதா என்று கவனி.

சென்சாரைச் சந்தேகப்படுவது கடைசியில்தான். அது பொய் சொல்லவே சொல்லாது என்று நான் சொல்லவில்லை. உப்புக்காற்றில் அதன் கனெக்டரில் களிம்பு ஏறும். ஏறினால் தப்பாகக் காட்டும். ஆனால் அது தப்பு என்று முடிவு கட்டுவதற்கு முன் ஆதாரம் வேண்டும். தூரத்திலிருந்து சூடு அளக்கும் துப்பாக்கி மாதிரிக் கருவி இப்போது குறைந்த விலைக்கே கிடைக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஹெட்டிலும் மேனிஃபோல்டிலும் அளந்து, திரை சொல்வதோடு ஒப்பிட்டுப் பார். இரண்டும் ஒத்துப்போனால் சென்சார் நிரபராதி. ஹெட்டில் இருக்கும் அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஹெட் கோணிக்கொண்டால், கேஸ்கெட் போனால், அந்தச் செலவில் ஒரு புது பைக்கே வாங்கலாம். அவ்வளவு பெரிய செலவை ‘சென்சார் பிரச்சினையாத்தான் இருக்கும்’ என்ற ஒரு வாக்கியத்தில் வைத்துச் சூதாடாதே.

இனி, கழுவும் வேலை. பலருக்குப் பிடிக்காத இதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. சூடான எஞ்சினுக்குள் அந்த நீர் நின்று காய்ந்தால் உப்பு மட்டும் தங்கும். நாளுக்கு நாள் வழி குறுகும். அதனால் ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அதற்கு மாற்றக் கூடாத ஒரு முறை இருக்கிறது: முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய், அப்புறம் குழாயைத் திற. முடிக்கும்போது முதலில் குழாயை மூடு. அப்புறம் எஞ்சினை நிறுத்து. மாற்றிச் செய்தால், புகையின் அழுத்தம் இல்லாத நேரத்தில் தண்ணீர் புகைக் குழாயில் நிரம்பி, அங்கிருந்து சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீரை அமுக்க முடியாது; அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது கனெக்டிங் ராடே வளையலாம். கூலண்ட் வண்டிக்கு இந்தக் குழாய்த் தண்ணீர் புகை வழியை மட்டும்தான் குளிர்விக்கும் என்பதால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது. தண்ணீர் எதுவும் இல்லாமல் கரையில் எந்த வண்டியையும் 15 விநாடிக்கு மேல் உறுமவிடாதே.

சாயங்காலம் ஆறு மணி. உடம்பெல்லாம் உப்பு, பசி, வீட்டுக்குப் போகும் பஸ் தவறிவிடும் என்ற கவலை. அந்த நேரத்தில்தான் இந்த அலசலைச் செய்ய வேண்டியிருக்கிறது, அதுவும் முறை மாறாமல். யாரும் பார்க்க மாட்டார்கள். செய்யாவிட்டாலும் நாளைக்கு வண்டி ஓடும், அடுத்த வாரமும் ஓடும். ஒருவன் எப்படிப்பட்ட தொழிலாளி என்பதை அவன் காலையில் வண்டியை எடுக்கும் விதத்தைவிட, இந்த ஆறு மணி வேலையில்தான் நான் அளப்பேன்.

நடுக்கழியில் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றால் கையை உயர்த்தி உதவி கேள். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வரப்படுவது கேவலம் என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த வெட்கத்தில் சூடான எஞ்சினைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து முடித்துவிடுவார்கள். மீனவர் படகு ஒன்று வந்தால் ‘அண்ணே, கொஞ்சம் இழுத்துவிடுங்க’ என்று கேட்டுவிடு. கடலில் உதவி கேட்டவனை அந்த மக்கள் விட்டுவிட்டுப் போனதை நான் பார்த்ததில்லை. இழுப்பவரிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடு: மெதுவாக, மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகாமல். வேகமாக இழுத்தால் பம்ப் வழியே தண்ணீர் ஏறி, ஓடாத எஞ்சினை நிரப்பிவிடும். குளிர்விக்கும் ஹோஸை மடக்கிக் கிளிப் போட வழியிருந்தால் போட்டுக்கொள்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள். எந்த வண்டி, எந்தத் தேதி, கத்தியபோது எப்படித் தள்ளியது, கழற்றிப் பார்த்ததில் என்ன கிடைத்தது என்று இரண்டு வரி போதும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், கழிமுகத்தில் வண்டிகளைப் பராமரிப்பவள், இதை விடாமல் எழுதிவந்தாள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு வரும் வாரங்களில் வண்டிகள் அடிக்கடி கத்துவதை அவள்தான் கவனித்தாள். கிழக்கு ஓரத்திலிருந்து கிளம்பும் வண்டிகளில்தான் மணலும் புல்லும் கிடைத்தன. மழை வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு போனதில் அந்தப் பக்கம் புதிதாக மணல்திட்டு விழுந்திருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டுபோய் மேனேஜரிடம் காட்டினாள். முதலில் அவர் நம்பவில்லை. அவரையே படகில் ஏற்றிப்போய், நீளமான கம்பை ஊன்றி ஆழத்தைக் காட்டினாள். மறுநாள் வண்டிகள் கிளம்பும் இடத்து மிதவைகளைப் பிடுங்கி, ஆழமான மேற்கு ஓரத்தில் கட்டினார்கள்.